நாவறியாத நீர்

காட்சி, கருதல், உரை என அறிவுக்கு மூன்று வாயில்களை நம் தர்க்க நூலார் வகுத்தனர். காட்சி எவ்விடத்தில் வழுவும் என்று அவர்கள் நெடுங்காலம் வாதம் புரிந்ததை வீண் வித்தையென நகைப்பாருண்டு. அவர்களைத் தருமபுரி ஜில்லாவின் கிணற்றடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அங்கே பல ஊர்களில் பாறை இடுக்கில் ஊறும் நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்துள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நாவும் அதனை உணர்வதில்லை. குழந்தைப் பருவத்தில் மிகுதியாக உட்கொண்டால் பற்களில் பழுப்புக் கறை படியும். பல்லாண்டு குடித்தால் மூட்டுகள் இறுகி முதுகு வளையும். பருப்பு வேகாத நீர் இன்னதென்று நம் பெண்டிர் அடுப்படியிலேயே தரம் பிரிப்பர். அத்தீர்ப்பு பொய்யன்று, ஆனால் அது சுண்ணச்சத்து முதலியவற்றால் வரும் கடுமையைப் பற்றியது. புளோரைடோ பெரும்பாலும் சுண்ணச்சத்துக் குறைந்த நீரிலேயே மிகுகிறது. ஆகவே நாவுக்கு இனிய கிணறே எலும்புக்குப் பகையாதல் கூடும். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும், இதனைப் போக்காது. காய்ச்சினாலோ நீர் சுண்டி உப்பு மிகுமேயன்றிக் குறையாது. இவ்விஷயத்தில் சோதனைச்சாலையின் கண்ணே கண். முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்கும் நம் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில் இழிவொன்றுமில்லை.

நிற்க. சோதனைச்சாலை இதனைத் தானாகவே கண்டதா? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் பரவியிருந்த இந்நோயை 1937-ல் ஷார்ட் முதலிய வைத்தியர்கள் விவரித்து எழுதினர். அதற்கு முன்பே, மாடுகள் கால் விறைத்து நடக்கமாட்டாமல் நிற்பதைக் கண்டு கவலையுற்றவர் அவ்வூர்க் குடியானவர்கள். எழுதியவர் பெயர் நிலைத்தது. கண்டவர் பெயரைக் கேட்பாரில்லை.

எண்ணும் தனியே நின்று பேசுவதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் காட்டும் எல்லை. தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கருதியே ஒரு நாடு தன் எல்லையை வகுக்கவேண்டும் என்று அந்த ஸ்தாபனமே கூறுகிறது. சித்திரை வெயிலில் கல்லுடைப்பவன் எத்தனை செம்பு நீர் குடிக்கிறான் என்பதைக் காரியாலயத்து நாற்காலி அறியுமா? உணவும் கணக்கில் சேரும். சுண்ணச்சத்துக் குறைந்த உணவு உண்போரை இந்நோய் கடுமையாகத் தாக்குகிறது. கேழ்வரகோ அச்சத்து நிறைந்த தானியம். ஒரு வீட்டில் களி கிண்டுவது எப்போது குறைந்தது என்பதைக் கண்ணாடிக் குழாயில் காணவியலாது, பாட்டியைத்தான் கேட்கவேண்டும்.

ஜப்பானியக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் துவக்கப்பெற்றது. காவேரி நீர் கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயின் குழாயில் நீர் வராத நாளில் ஜனங்கள் எந்தக் கிணற்றுக்குப் போவது? கிணறு கிணறாகச் சோதித்த கணக்கை ஊர்ச் சாவடிச் சுவரில், யாவரும் படிக்கும் தமிழில் எழுதி வைக்கவேண்டும். எக்கிணற்று நீரால் எத்தனை பேருக்கு மூட்டு இறுகிற்று என்று ஊரார் கண்டதையும் அதன் பக்கத்திலேயே எழுத இடம் விடவேண்டும். இதனை வரும் கிராம சபையிலேயே கேட்குமாறு தருமபுரி ஜில்லாத் தொண்டர்களை வேண்டுகிறோம்.