பூட்டிய கதவுக்குள் பதவிப் போட்டி!

போப் ஆண்டவர் இறந்துவிட்டார்.

இரவு நேரம். அவருடைய படுக்கை அறையில் சில கர்தினால்கள் நிற்கிறார்கள். ஜெபம் நடக்கிறது. போப் ஆண்டவரின் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றுகிறார்கள். உடலை வெளியே கொண்டு போகிறார்கள். அறைக் கதவைச் சாத்தி, அரக்கு முத்திரை வைக்கிறார்கள்.

எல்லோர் முகத்திலும் சோகம். ஆனால் எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி.

"அடுத்த போப் ஆண்டவர் யார்?"

"கான்கிளேவ்" என்ற ஆங்கிலப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. 2024–ம் ஆண்டில் வெளிவந்த படம் இது. ராபர்ட் ஹாரிஸ் என்ற எழுத்தாளர் 2016–ல் எழுதிய நாவலே இதன் கதை. டைரக்டர், எட்வர்டு பெர்கர்.

இந்தப் படத்தில் காதல் பாட்டு கிடையாது. கத்திச் சண்டை கிடையாது. வயதான மனிதர்கள் சிவப்பு அங்கி அணிந்து நடக்கிறார்கள். சாப்பிடுகிறார்கள். சீட்டு எழுதிப் போடுகிறார்கள். அவ்வளவுதான்! ஆனாலும் இரண்டு மணி நேரம் கண்ணை அப்படி இப்படித் திருப்ப முடியாது. காரணம், அந்தச் சீட்டில் யார் பெயரை எழுதுவது என்பதில்தான் இருக்கிறது.

"கான்கிளேவ்" என்றால் என்ன?

உலகில் உள்ள கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் சுமார் 140 கோடி பேர். அவர்களுக்கு எல்லாம் தலைவர், போப் ஆண்டவர். ரோம் நகருக்குள் இருக்கும் வாடிகன் என்ற சின்னஞ்சிறு நாட்டில் அவர் இருக்கிறார்.

போப் ஆண்டவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர்கள் கர்தினால்கள். போப் ஆண்டவர் இறந்தால், 80 வயது ஆகாத கர்தினால்கள் கூடி, புதியவரைத் தேர்ந்து எடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் "கான்கிளேவ்" என்று பெயர். லத்தீன் மொழியில், சாவி போட்டுப் பூட்டக்கூடிய அறை என்று பொருள்.

பெயருக்கு ஏற்றபடியே எல்லாம் நடக்கும். கர்தினால்கள் சிஸ்டைன் ஆலயத்துக்குள் போவார்கள். கதவு மூடப்படும். பத்திரிகை கிடையாது. டெலிபோன் கிடையாது. வெளி ஆட்களோடு பேச்சு கிடையாது.

ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ஒரு பெயரை எழுதுவார். யாருடைய கையெழுத்து என்று தெரியாதபடி, மாற்றி எழுத வேண்டும். சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போவார். "ஏசுநாதரைச் சாட்சியாக வைத்து ஓட்டுப் போடுகிறேன்" என்று சத்தியம் செய்வார். பிறகு சீட்டைப் பெட்டியில் போடுவார்.

மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தவரே போப் ஆண்டவர். கிடைக்காவிட்டால் மறுபடியும் ஓட்டு. ஒரு நாளைக்கு நான்கு முறைவரை நடக்கும்.

சீட்டுகளை அடுப்பில் போட்டு எரிப்பார்கள். கரும்புகை வந்தால், இன்னும் முடிவு ஆகவில்லை. வெண்புகை வந்தால், புதிய போப் ஆண்டவர் கிடைத்துவிட்டார்!

கூரையைப் பிய்த்த மக்கள்

இவ்வளவு கண்டிப்பு ஏன்? அதற்கு ஒரு கதை உண்டு.

1268–ம் ஆண்டில், இத்தாலியில் உள்ள விதெர்போ என்ற ஊரில் போப் ஆண்டவர் நாலாவது கிளெமெந்து இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்து எடுக்கக் கர்தினால்கள் அங்கே கூடினார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மாதங்கள் போயின. வருடங்களும் போயின. முடிவு மட்டும் வரவில்லை.

ஊர் மக்களுக்குக் கோபம் வந்தது. கர்தினால்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார்கள். சாப்பாட்டைக் குறைத்தார்கள். அப்படியும் பயன் இல்லை. கடைசியில், அவர்கள் இருந்த மாளிகையின் கூரையையே பிய்த்துவிட்டார்கள்!

1271–ல் முடிவு வந்தது. தேர்ந்து எடுக்கப்பட்டவர் யார் தெரியுமா? அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவரும் அல்ல. தெயோபால்தோ விஸ்கோந்தி என்பவர். அவர் கர்தினால் அல்ல. குருப்பட்டம் கூடப் பெறாதவர். அப்போது கடல் கடந்து, புனித பூமியில் இருந்தார். பதவி அவரைத் தேடிக்கொண்டு போயிற்று.

அவரே போப் பத்தாவது கிரகோரி. "இந்தக் கூத்து இனிமேல் நடக்கக் கூடாது" என்று எண்ணி, 1274–ல் சட்டம் கொண்டு வந்தார். கர்தினால்களை ஒன்றாகப் பூட்டிவைக்க வேண்டும். மூன்று நாளில் முடிவு இல்லை என்றால், வேளைக்கு ஒரே பதார்த்தம். மேலும் ஐந்து நாள் ஆனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை மது மட்டும்!

பதவி ஆசையைப் பசியினால் அடக்கப் பார்த்தார்கள்.

போட்டியில் யார் யார்?

படத்துக்குத் திரும்புவோம்.

தேர்தலை நடத்தும் பொறுப்பு, கர்தினால் லாரன்ஸ் என்பவருக்கு. அந்த வேடத்தில் ரால்ப் பைன்ஸ் நடிக்கிறார். லாரன்சுக்கு மனதில் அமைதி இல்லை. ஜெபம் செய்யவே முடியாமல் தவிக்கிறார். "பதவியே வேண்டாம், போய்விடுகிறேன்" என்று முன்பே கேட்டவர் அவர். போப் ஆண்டவர் சம்மதிக்கவில்லை.

போட்டியில் நிற்பவர்கள் நான்கு பேர்.

பெல்லினி, சீர்திருத்தம் வேண்டும் என்பவர். டெடெஸ்கோ, பழைய காலத்துக்கே திரும்ப வேண்டும் என்பவர். அடெயெமி, நைஜீரியா நாட்டைச் சேர்ந்தவர். அவர் ஜெயித்தால் பெரிய சரித்திரம். டிரெம்பிளே, கனடாக்காரர். சிரித்த முகம், இனிமையான பேச்சு.

கதவு மூடும் நேரத்தில், யாரும் எதிர்பாராத ஒருவரும் வந்து சேருகிறார். அவர் பெயர் பெனிட்டெஸ். சண்டையும் சாவும் நிறைந்த காபூல் நகரில் ஊழியம் செய்தவர். இறந்த போப் ஆண்டவர், யாருக்கும் சொல்லாமல் அவரைக் கர்தினால் ஆக்கி இருந்தார்.

முதல்நாள் சாப்பாட்டில், அவரை ஜெபம் சொல்லச் சொல்கிறார்கள். உணவு இல்லாத ஏழைகளை நினைத்து ஜெபிக்கிறார். சமைத்துப் போட்ட கன்னிகாஸ்திரிகளுக்கும் நன்றி சொல்கிறார். அந்தப் பெண்களை அதுவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை!

சாப்பாட்டு அறையில் திடுக்!

ஓட்டு நடக்கிறது. அடெயெமி முன்னால் போகிறார்.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் தட்டுகள் விழுந்து உடையும் சத்தம். ஒரு கன்னிகாஸ்திரி கண்ணீரோடு நிற்கிறார். அடெயெமியின் முகம் மாறுகிறது.

லாரன்ஸ் விசாரிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அடெயெமிக்கும் அந்தப் பெண்ணுக்கும் உறவு இருந்தது, ஒரு குழந்தையும் பிறந்தது என்று தெரிகிறது. அத்தோடு அடெயெமியின் கனவு கலைந்தது.

ஆனால் லாரன்சின் மனம் ஆறவில்லை. "நைஜீரியாவில் இருந்த பெண் இந்தச் சமயம் பார்த்து ரோமுக்கு எப்படி வந்தாள்? கூட்டி வந்தது யார்?"

அந்தக் கேள்வி, சிரித்த முகம் கொண்ட டிரெம்பிளேயிடம் போய் முடிகிறது!

லாரன்ஸ், இரவில் முத்திரையை உடைத்து, இறந்தவரின் அறைக்குள் போகிறார். கட்டிலில் ஒளித்து வைத்த காகிதங்கள் கிடைக்கின்றன. கர்தினால்கள் சிலருக்கு டிரெம்பிளே பணம் கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. ஓட்டுக்கு லஞ்சம்!

அதை எல்லோருக்கும் காட்ட லாரன்சுக்கு உதவுகிறவர், கன்னிகாஸ்திரி ஆக்னஸ். இசபெல்லா ரோசெலினி அந்த வேடத்தில் வருகிறார். வாய் பேசாமல் வேலை செய்யவேண்டியவர்கள் என்று கருதப்படும் பெண்களில் ஒருவர், கர்தினால்கள் நிறைந்த அறையில் எழுந்து நின்று பேசுகிறார். சில வார்த்தைகள்தான். பேசி முடித்து, மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார். டிரெம்பிளேயின் கதை அதோடு முடிந்தது.

நல்லவர் மனதிலும்...

லஞ்சம் கொடுத்தவன் கெட்டவன். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒரு படம் தேவை இல்லை. இந்தப் படம் அதற்கு மேலும் ஒரு படி போகிறது.

பெல்லினியைப் பாருங்கள். "எனக்குப் பதவி வேண்டாம்" என்று சொன்னவர். நல்லவர். ஆனால் லஞ்சக் காகிதத்தைப் பார்த்ததும் அவர் என்ன சொல்கிறார்? "வெளியே சொல்லாதே. மறைத்துவிடு" என்கிறார். டெடெஸ்கோ வந்துவிடுவாரே என்ற பயம் ஒரு பக்கம். தனக்கு வரக்கூடிய பெரிய பதவி மறுபக்கம். பிறகுதான் வெட்கப்படுகிறார்.

லாரன்ஸ் கதி என்ன? ஒருவர் பின் ஒருவராக விழ விழ, அவர் பெயரே அடிபடுகிறது. வேண்டாம் வேண்டாம் என்று இருந்தவர், ஒருநாள் சீட்டில் தன் பெயரையே எழுதுகிறார்! ஏசுநாதரைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்கிறார். சீட்டைப் பெட்டியில் போடுகிறார்.

அதே நொடி. டமார்!

வெளியே குண்டு வெடிக்கிறது. ஆலயத்தின் ஜன்னல் நொறுங்குகிறது. லாரன்ஸ் தரையில் விழுகிறார். மேலே இருந்து தூசியும் வெளிச்சமும் கொட்டுகின்றன.

யாரோ தலையில் குட்டியது போல இருக்கிறது. அதைப் பார்க்கும்போது நமக்கும் உறைக்கும். ஆசை, கெட்டவன் வீட்டில் மட்டும் குடி இருப்பது இல்லை. "நான் வந்தால்தானே நல்லது நடக்கும்" என்று நல்லவன் நினைக்கும்போது, அங்கேயும் வந்து குந்திக்கொள்கிறது.

உண்மையில் இப்படி நடக்குமா?

இது கற்பனைக் கதை. அமெரிக்க பிஷப் ராபர்ட் பேரன், "இந்தப் படத்தைப் பார்க்காமல் ஓடுங்கள்" என்று கண்டித்தார். சபையை ஆசைக்காரர்களின் கூடாரமாகக் காட்டுகிறது என்பது அவர் கட்சி.

சட்டப்படி சில தவறுகளும் உண்டு. ரகசியமாகக் கர்தினால் ஆனவரின் பெயரைப் போப் ஆண்டவர் தம் வாயால் வெளியிடாமல் இறந்துவிட்டால், அவருக்கு ஓட்டு உரிமை கிடையாது. ஆகவே, பெனிட்டெஸ் உள்ளே வந்திருக்கவே முடியாது.

ஆனால் லஞ்சம் முழுக் கற்பனை அல்ல. 1492–ல் போப் ஆன ஆறாவது அலெக்சாந்தர், பணமும் பதவியும் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு எழுந்தது. 1505–ல் போப் இரண்டாவது ஜூலியஸ், "விலைக்கு வாங்கிய தேர்தல் செல்லாது" என்று சட்டம் போட்டார்.

1996–ல் போப் இரண்டாவது ஜான் பால் கொண்டு வந்த சட்டம் வேறு மாதிரி. ஓட்டை விற்றவரும் வாங்கியவரும் சபையை விட்டு விலக்கப்படுவார்கள். ஆனால் தேர்தல் செல்லும்! யாராவது புரளி கிளப்பிப் போப் ஆண்டவரின் பதவியை ஆட்டக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அண்ணன் கேட்ட கேள்வி

படத்தை உண்மையான சிஸ்டைன் ஆலயத்தில் எடுக்கவில்லை. ரோமில் உள்ள சினிசிட்டா ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்தார்கள். திரைக்கதை எழுதிய பீட்டர் ஸ்ட்ராகனுக்கு, 2025 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

அடுத்த மாதம், ஏப்ரல் 21–ந் தேதி, போப் பிரான்சிஸ் காலமானார். படத்தில் பார்த்தது நேரிலேயே நடந்தது. மே 7–ந் தேதி, 133 கர்தினால்கள் சிஸ்டைன் ஆலயத்துக்குள் போனார்கள். அவர்களில் 4 பேர் இந்தியர்கள். தேவையான ஓட்டு 89. மறுநாளே வெண்புகை வந்துவிட்டது. சிகாகோவில் பிறந்து, பெரு நாட்டில் பல ஆண்டு ஊழியம் செய்த ராபர்ட் பிரிவோஸ்ட், போப் பதினாலாவது லியோ ஆனார்.

உள்ளே போகும் முன் அவருடைய அண்ணன் அவரிடம் வேடிக்கையாக ஒன்று கேட்டாராம். "கான்கிளேவ் படம் பார்த்தாயா? உள்ளே எப்படி நடந்துகொள்வது என்று தெரிய வேண்டாமா?"

தம்பி அப்போதுதான் படத்தைப் பார்த்து முடித்திருந்தாராம்!

சரி, படத்தில் போப் ஆண்டவர் ஆவது யார்? அதற்குப் பிறகு வரும் ரகசியம் என்ன? அதை இங்கே சொல்லப்போவது இல்லை. மீதியைத் திரையில் காண்க.