வெண்பனி ஏன் சாம்பலாகிறது?

ஆண்டிறுதி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ, தென்கொரியா என்று பனி பார்க்கப் போய்வரும் குடும்பங்கள் ஏராளம். திரும்பி வந்து படங்களைத் தாளில் அச்சிட்டுப் பார்த்தால் பலருக்கும் ஏமாற்றம்தான். நேரில் கண்ணைக் கூச வைத்த வெண்பனி, படத்தில் அழுக்குத் துணி போல் சாம்பலாகத் தெரியும். அப்பா, அம்மாவின் முகங்களும் கறுத்துப் போயிருக்கும். "நம் நிறத்துக்கு இப்படித்தான் விழும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்பவர்களும் உண்டு. உண்மையில் குறை நம் நிறத்தில் இல்லை. கேமராவின் கணக்கில் இருக்கிறது.

கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே எடுத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பொருளே அதற்குப் பழகிய அளவுகோல். புதிதாகப் பெய்த பனியோ 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். வெளிச்சம் மிகுந்துவிட்டதென எண்ணி, கேமரா ஒளியைக் குறைத்துவிடுகிறது. பனி சாம்பலாகிறது, அதோடு முகங்களும் இருண்டுவிடுகின்றன.

இதற்குத் தீர்வு எளிது. படம் எடுக்கும்போது ஒளி அளவை 1 முதல் 2 படி வரை கூட்ட வேண்டும். கைத்தொலைபேசி பனியை ஓரளவு அடையாளம் கண்டுகொண்டாலும், திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்று உயர்த்துவது நல்லது.

அதற்காக அளவு மீறிக் கூட்டவும் கூடாது. தாளின் வெண்மையைவிட வெள்ளையான நிறம் அச்சில் கிடையாது. எல்லை தாண்டினால் பனியின் மேடு பள்ளமெல்லாம் மறைந்து வெறுந்தாள்தான் மிஞ்சும். அமெரிக்கக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 1940ஆம் ஆண்டையொட்டி ஒரு முறையை வகுத்தார். கருமையிலிருந்து வெண்மை வரை 0 முதல் 10 வரை படிகள். நடுச்சாம்பல் 5ஆம் படி. மேடு பள்ளம் தெரியும் பனிக்கு 8ஆம் படி. அதாவது, பனி வெள்ளையாகவும் இருக்க வேண்டும். முழு வெள்ளைக்குச் சற்றுக் கீழேயும் நிற்க வேண்டும்.

பனியின் நிழலில் நீலம் தெரிவதும் பிழையன்று. வெயில் படாத இடத்துக்கு நீல வானமே ஒளி தருகிறது. நம் மூளை அதைச் சரிசெய்து வெள்ளையாகக் காட்டுகிறது. கேமரா உள்ளபடியே பதிகிறது. ஓவியர் மோனே 1868-69இல் தீட்டிய பனிக்காட்சியிலும் நிழல்கள் நீலம்தான். அந்த நீலத்தை முற்றாக அகற்றினால் வெயில் பட்ட பனி மஞ்சளாகிவிடும்.

கடையில் அச்சிடும்போதும் கவனம் தேவை. இயந்திரத்தின் தானியங்கித் திருத்தம், வெளிச்சமான படத்தை மீண்டும் சாம்பலாக்கக்கூடும். "திருத்தம் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லி, முதலில் ஒரே ஒரு படத்தை அச்சிட்டுப் பார்ப்பது சிக்கனம்.

பனியா, முகமா, இரண்டில் ஒன்றுதான் தெளிவாக விழும் என்ற நிலை வந்தால் முகத்தையே காப்பாற்ற வேண்டும். பனி அடுத்த ஆண்டும் பெய்யும். வாழ்நாளில் ஒரே முறை அதைப் பார்த்த பாட்டியின் சிரிப்பு மறுபடி கிடைக்காது.