பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்தாச்சு. உங்க வீட்டில் இன்னும் விழவில்லை! இன்டர்நெட் டி.வி. சங்கதி

செஞ்சி,-

பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று ஒரே கூச்சல். இந்த வீட்டு டி.வி.யிலோ பவுலர் இன்னும் ஓடி வந்து கொண்டிருக்கிறார்!

இரண்டு வீட்டிலும் ஒரே மேட்ச், ஒரே சேனல். அங்கே கேபிள், இங்கே இன்டர்நெட் கம்பி வழியாக வரும் டி.வி. சில நொடி பிந்தி வருவது இதன் குணம். பெட்டி கெட்டுப் போச்சு என்று மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம்.

கேட்டால்தான் வரும்

கேபிளில் எல்லா சேனலும் ராத்திரி பகலாக வாசல் வரை வந்து நிற்கும். சந்தையே வீடு தேடி வந்த மாதிரி. செட்டாப் பாக்ஸ் அதில் ஒன்றைப் பொறுக்கிக் காட்டும்.

இன்டர்நெட் வழி அப்படியல்ல. ரிமோட்டை அமுக்கியதும், "இந்த சேனல் வேண்டும்" என்று வீட்டிலிருந்து தகவல் போகிறது. கேட்டது மட்டும் வருகிறது. அதுவும் முழுசாக அல்ல. படத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் விலாசம் போட்டு அனுப்புகிறார்கள். பெட்டி அவற்றை வரிசைப்படுத்தி, கொஞ்சம் சேர்த்து வைத்துக் கொண்டு பிறகு காட்டுகிறது. விக்கெட் தாமதமாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்டு வாங்குவதால் இன்னொன்றும் உண்டு. ராத்திரி 12 மணிக்கு எந்த வீட்டில் எந்த சேனல் ஓடியது என்று கம்பெனிக்குக் கணக்கு இருக்க முடியும்!

வட்டம் ஏன் சுத்துது?

செல்போனில் மேட்ச் பார்க்கும்போது ஆளுக்கு ஒரு பிரதி தனித்தனியாக வர வேண்டும். ஊரே பார்த்தால் வழி நெரிசல். திரையில் வட்டம் சுத்தும். கம்பெனி தன் சொந்தக் கம்பியிலேயே டி.வி. கொடுத்தால் கதை வேறு. தெருவில் பத்து வீடு ஒரே சேனல் கேட்டாலும், எக்ஸ்சேஞ்ச் வரை ஒரே பிரதி வந்து அங்கிருந்து கிளை பிரியும்.

2006-ல் டெல்லி, மும்பையில் எம்.டி.என்.எல். பழைய டெலிபோன் கம்பியிலேயே இதை ஆரம்பித்தது. பெரிதாகப் பரவவில்லை. பிறகு கண்ணாடி இழை வந்தது. 2024 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஃபைபர் வழி டி.வி.யைத் தொடங்கியது. 500-க்கும் மேற்பட்ட சேனல்கள் என்றும், டி.வி. பார்ப்பது மாத டேட்டாவில் கழியாது என்றும் அறிவித்தார்கள். ஆனால் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய டி.வி. வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். பழைய குண்டு டி.வி. வைத்திருப்பவர் பாடு?

கேபிள்காரர் கதி

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோதே கேபிள்காரர்கள் ஒரு குலுக்கல் கண்டவர்கள். 2022 நவம்பரில் மென்பொருள் தகராறில் லட்சக்கணக்கான அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ்கள் இருண்டபோதும், வீட்டு வாசலில் திட்டு வாங்கியவர்கள் அவர்கள்தான். இப்போது கெட்டிக்காரர்கள் பலர் தாங்களே ஃபைபர் இழுத்துக் கொடுத்து, வருமானத்தில் பங்கு வாங்குகிறார்கள். கையில் முதல் இல்லாதவர் மாதச் சந்தா வசூலுக்குப் போகும் வீடுகள் குறைந்து கொண்டே வருகின்றன.

மாறுகிறவர்கள் கவனிக்க!

கண்ணாடி இழையில் கரண்ட் வராது. இன்வெர்ட்டரில் டி.வி.யை மட்டும் மாட்டி, மோடத்தை மறந்தால் படம் வராது.

ரோடு தோண்டும் ஜே.சி.பி. பட்டால் அதைவிட மோசம். பழைய கேபிள் என்றால் பிளேடால் சீவி, முறுக்கி, டேப் சுற்றி ஒப்பேற்றி விடலாம். தலைமுடி கனத்துக் கண்ணாடி இழையை மெஷின் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். பல்லவர் குகைக் கோயில் இருக்கும் சீயமங்கலம் போன்ற கிராமத்தில் அறுந்தால், செஞ்சியிலிருந்தோ வந்தவாசியிலிருந்தோ மெஷினோடு ஆள் வர வேண்டியிருக்கும். அதுவரை டி.வி., இன்டர்நெட், வீட்டு போன் மூன்றும் ஒரேயடியாகப் படுத்து விடும்!