பூங்கா நகரத்துடையது, பொறுப்பு அறக்கட்டளையுடையது

பொதுச் சொத்தை ஓர் அறக்கட்டளை ஏற்றுப் பராமரித்தால், அது நாளடைவில் தனியார் சொத்தாகி விடாதா என்று பலர் கேட்பதுண்டு. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் இதற்கு நல்ல விளக்கம்.

1970களில் நகர நிர்வாகம் கடும் நிதி நெருக்கடியில் இருந்தபோது, 843 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்கா சீரழிந்தது. புல்வெளிகள் வெறும் மண்தரையாயின, இருக்கைகள் உடைந்தன, மக்கள் அங்கு செல்லவே அஞ்சினர். 1980இல் 'சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி' என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாகி, நன்கொடை திரட்டிப் பகுதி பகுதியாகச் சீரமைத்தது. 18 ஆண்டுகள் அதன் பணியைப் பார்த்த பிறகே, 1998இல் நிர்வாகப் பொறுப்பை நகரம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைத்தது.

நிலமும், விதிகளை வகுக்கும் அதிகாரமும் இன்றும் நகரத்திடமே. அன்றாடப் பணி அமைப்பிடம். செலவில் பெரும்பகுதி நன்கொடை. நகரமும் ஒரு பங்கு தருகிறது. பூங்காவுக்குள் செல்லக் கட்டணம் இல்லை. பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். குறை கண்டால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இல்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. அப்பூங்காவைச் சுற்றி வசிப்போரில் பெரும் செல்வந்தர் பலர். ஏழைகள் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்கு அத்தகைய நன்கொடையாளர்கள் கிடைப்பது அரிது. எனவே அறக்கட்டளை முன்வந்துவிட்டது என்று அரசு தன் கடமையிலிருந்து விலகிவிடக் கூடாது.

பொதுச் சொத்து ஓர் அமானிதம். அதைப் பராமரிப்பவர் உரிமையாளர் அல்லர். கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.