பணம் கேட்கும் முன் கணக்கு

சௌல்தாரி தெற்கு அந்தமானில் உள்ள ஊர். இந்த ஊர் மக்களுக்குக் கப்பல் புதிதல்ல. அரிசியும் சிமெண்டும் கப்பலில்தான் தீவுக்கு வந்து இறங்குகின்றன.

ஒரு கப்பல் வாங்க எவ்வளவு பணம் வேண்டும்? தனி ஒருவரால் முடியுமா? முடியாது. ஆனால் பலர் சேர்ந்தால் முடியும். அப்படிப் பலரைச் சேர்த்துக் கப்பல் வாங்கியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

பங்கு என்றால் என்ன?

வ.உ.சி. தூத்துக்குடியில் வக்கீலாக இருந்தார். அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரர் கம்பெனியே கப்பல் விட்டது. இந்தியர்களுக்கும் ஒரு கப்பல் கம்பெனி வேண்டும் என்று வ.உ.சி. நினைத்தார். 1906 அக்டோபர் 16-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது.

கம்பெனிக்குத் தேவையான மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். பெரிய பணக்காரர் பல பங்குகள் வாங்கலாம். சிறிய வியாபாரி ஒரு பங்கு வாங்கலாம்.

பங்கு வாங்கியவர் கடன் கொடுத்தவர் அல்ல. அவரும் ஒரு சொந்தக்காரர். லாபம் வந்தால் பங்குக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பார்கள். தொழில் நொடித்தால் பங்குப் பணம் போய்விடலாம்.

மக்கள் எதை நம்பினார்கள்?

பணம் எதற்கு என்பது தெளிவாக இருந்தது. கப்பல் விடுவது, இந்தியர்களுக்குக் கப்பல் தொழில் கற்றுத் தருவது ஆகியவை கம்பெனியின் நோக்கங்கள். பொறுப்பு ஏற்றவர்கள் ஊரறிந்தவர்கள். பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர். பாரதியார் தமது 'இந்தியா' பத்திரிகையில் ஆதரவாக எழுதினார். வ.உ.சி. தாமே பல ஊர்களுக்குச் சென்று பணம் திரட்டினார். பம்பாய்க்கும் போனார்.

1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

நஷ்டமும் வரும்

வெள்ளைக்காரர் கம்பெனி சும்மா இருக்கவில்லை. கட்டணத்தைக் குறைத்தது. மேலும் மேலும் குறைத்தது. சுதேசிக் கம்பெனியால் ஈடு கொடுக்க முடியவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அவருக்குத் தீவாந்தர தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்தார். 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலை ஆனபோது கப்பல்கள் இல்லை.

நல்ல மனிதர் நடத்தினாலும் தொழிலில் ஆபத்து உண்டு. பணம் கேட்பவர் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "நஷ்டமே வராது" என்று சொல்பவரை நம்பக்கூடாது.

சௌல்தாரியில் ஒரு செக்கு

தெற்கு அந்தமானில் தென்னை உண்டு. சௌல்தாரியில் ஐந்து பெண்கள் தேங்காய் எண்ணெய் ஆட்டும் செக்கு வைக்க நினைப்பதாக ஓர் உதாரணம். செலவு 2 லட்சம் ரூபாய். சொந்தப் பணம் 50,000 ரூபாய். மீதி 1,50,000 ரூபாய் மற்றவர்களிடம் திரட்ட வேண்டும். பங்கு ஒன்று 500 ரூபாய் என்றால் 300 பங்குகள்.

பணம் போடுபவர் இந்தக் கேள்விகளைக் கேட்பார்:

1. செக்குக்கும் மோட்டாருக்கும் எவ்வளவு செலவு? கொப்பரைக்கு எவ்வளவு?
2. கொப்பரை எங்கே கிடைக்கும்? எண்ணெயை யார் வாங்குவார்கள்?
3. உங்கள் பணம் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?
4. கணக்கை யார் எழுதுவார்? யார் சரிபார்ப்பார்?
5. மழையில் கொப்பரை கெட்டால் என்ன செய்வீர்கள்?
6. லாபத்தை எப்போது, எப்படிப் பிரிப்பீர்கள்?

பதில் வாய்ச் சொல்லாக இருந்தால் போதாது. ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும். ஆட்டிய எண்ணெயை ஒரு சீசாவில் கொண்டு போய்க் காட்டலாம். முகர்ந்து பார்த்தவருக்கு நம்பிக்கை வரும்.

ஒன்றை மறக்கக்கூடாது. பொதுமக்களிடம் பணம் திரட்டச் சட்டம் உண்டு. முதலில் கூட்டுறவுச் சங்கமாகவோ கம்பெனியாகவோ பதிவு செய்ய வேண்டும். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தர வேண்டும்.

பணம் கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தாளில் உள்ளதை முழுவதும் படிக்க வேண்டும். புரியாததைக் கேட்க வேண்டும். அதன் பிறகே கையெழுத்துப் போட வேண்டும். முன்பு கைநாட்டு வைத்தவர்கள் இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். அந்தப் படிப்பு இங்கே பணத்தைக் காக்கும்.