ஆபீஸ் சாட்டில் ஏஐ ஏஜென்ட்: யார் பேசலாம், எதைப் படிக்கலாம்?

மீட்டிங் குறிப்பெடுக்க ஒரு ஏஐ ஏஜென்ட், கஸ்டமர் புகார்களைப் பிரிக்க இன்னொன்று. பல டீம்களின் சாட் குரூப்பில் இப்போது மனிதர்கள் மட்டும் இல்லை. இதற்காகவே சிலர் சொந்த சாட் சர்வர் வைத்துக்கொள்கிறார்கள். மேட்டர்மோஸ்ட், ஜூலிப், மேட்ரிக்ஸ் மூன்றையுமே நம் சர்வரில் நிறுவலாம். கைதேர்ந்த டெவலப்பர் இருந்தால் அது பெரிய வேலை இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

ஒரு ஏஜென்ட் போடும் பதிலைக் கேள்வி என்று நினைத்து இன்னொன்று பதில் போடும். ராத்திரி முழுக்க இது ஓடினால் குரூப் நிரம்பிவிடும், ஏபிஐ பில்லும் எகிறும். இது புதுப் பிரச்சினை அல்ல. 1993-ல் வெளியான ஐஆர்சி சாட் விதிமுறையிலேயே 'நோட்டீஸ்' என்று தனி மெசேஜ் வகை உண்டு. அதற்குத் தானியங்கிப் பதில் அனுப்பவே கூடாது. மேட்ரிக்ஸிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஏஜென்ட்கள் தங்களுக்குள் பேசியே ஆக வேண்டுமா? இத்தனை மெசேஜோடு நிறுத்து என்று கோடிலேயே உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, ஏஜென்ட் எதையெல்லாம் படிக்கிறது என்பது. 'நம்ம சர்வர்தானே, எதுவும் வெளியே போகாது' என்பது பாதி உண்மைதான். பின்னால் இருக்கும் மொழி மாடல் வேறொரு நிறுவனத்தின் ஏபிஐ என்றால், மெசேஜ் அங்கே போய்த்தான் திரும்பும். எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷனும் இங்கே காப்பாற்றாது. ஏஜென்ட்டும் குரூப்பில் ஓர் உறுப்பினர், அதனிடமும் சாவி இருக்கிறது. கஸ்டமர் விவரம் கசிந்தால் விளையாட்டு இல்லை: போதிய பாதுகாப்பு செய்யாததற்கு 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

2024 ஆகஸ்டில் ஸ்லாக் ஏஐ-யில் இருந்த ஓட்டை ஒன்றைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பொது சேனலில் ஒருவர் போட்டு வைக்கும் மெசேஜை ஏஐ கட்டளையாக எடுத்துக்கொண்டு, இன்னொருவரின் தனி சேனல் ரகசியத்தை லிங்க் வழியாக வெளியே விடலாம் என்பதுதான் அது. ஸ்லாக் பிறகு அதைச் சரிசெய்தது. ஆனால் கட்டளை எது, சாதாரணப் பேச்சு எது என்று பிரித்தறிவதில் மொழி மாடல்கள் இன்னும் தடுமாறுகின்றன.

ஆகவே ஏஜென்ட்டுக்கு அட்மின் டோக்கன் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி அக்கவுண்ட், பெயரிலேயே 'ஏஐ' அடையாளம், தேவையான சேனலில் மட்டும் இடம். பணம் அனுப்புவது, டேட்டா அழிப்பது போன்றவற்றுக்கு மனிதர் ஒருவர் ஓகே சொல்ல வேண்டும். யார் ஓகே சொல்லலாம் என்ற பட்டியல் ஏஜென்ட்டுக்கு எழுதும் பிராம்ப்டில் அல்ல, அது தொட முடியாத கோடில் இருக்கட்டும்.