மலிவாயிற்று, யார் செலவில்?

கார் செய்து உலகுக்கு அளித்த நகரம் டெட்ராயிட். அந்த நகரத்துத் தொழிலாளிக்கோ காருக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டி மாளவில்லை! அமெரிக்காவிலேயே மிக அதிகமான பிரீமியம் கட்டிய நகரங்களின் முன்வரிசையில் நின்றது அது.

டெட்ராயிட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 1973 அக்டோபரில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. விபத்தில் அடிபட்டவரிடம் 'குற்றம் உன்னுடையதா, எதிரே வந்தவனுடையதா?' என்று கேட்காமல், அவரவர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியே வைத்தியச் செலவைக் கொடுக்கவேண்டும் என்றது அச்சட்டம். அதற்கு ஈடாக, எதிராளி மீது வழக்குத் தொடுக்கும் உரிமை சுருக்கப்பட்டது. வைத்தியச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. ஆயுள் முழுவதும் உண்டு. முதுகுத்தண்டு முறிந்து படுத்தவருக்கு அது சலுகையல்ல, உயிர்!

பிரீமியம் தாங்கமுடியாத சுமையாயிற்று என்பது உண்மை. குறைக்கவேண்டும் என்ற குரலிலும் நியாயம் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால், கத்தி எங்கே பாய்ந்தது?

2019 மே 30-இல் ஆளுநர் விட்மர் திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2020 ஜூலை முதல் வைத்தியப் பாதுகாப்பு பல படிகளாயிற்று. வரம்பில்லாதது ஒன்று; 5,00,000 டாலர் ஒன்று; 2,50,000 டாலர் ஒன்று. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி பெறுவோர் மட்டும் எடுக்கக்கூடிய 50,000 டாலர் ஒன்று! விபத்து என்ன, மடியில் உள்ள பணத்தை எண்ணிப் பார்த்தா அடிக்கிறது?

2021 ஜூலையில் அடுத்த வெட்டு. அரசின் மெடிகேர் கட்டணப் பட்டியலில் இடம்பெறாத வீட்டுப் பராமரிப்பு போன்ற பணிகளுக்கு, 2019 ஜனவரி 1-இல் இருந்த கட்டணத்தில் 55 சதவீதமே கிடைக்கும் என்றார்கள். மகனைத் தாயே கவனித்தால், வாரத்துக்கு 56 மணி நேரத்துக்குமேல் கம்பெனி கூலி கொடுக்கக் கட்டாயமில்லை என்றார்கள். வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. மீதி 112 மணி நேரம் அந்த மகன் படுக்கையை விட்டு எழுந்து நடப்பானா?

பணமில்லை என்றாவது சொல்லமுடியுமா? கடுங்காயம் பட்டோருக்காகச் சேர்த்த நிதியில் உபரி இருந்தது. 2022-இல் காருக்கு 400 டாலர் வீதம் சுமார் 300 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கார் வைத்திருந்தவர் கையில் காசோலை. அதே ஆண்டில் படுக்கையில் கிடந்தவர் பக்கத்தில் தாதியில்லை!

பாதிக்கப்பட்டோர் நீதிமன்றப் படியேறினர். 2023 ஜூலை 31-இல் மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: 2019 ஜூன் 11-க்கு முன்பு அடிபட்டவருக்கு இந்த வெட்டுகள் பொருந்தா, அடிபட்ட அன்றே அவர் உரிமை உறுதியாகிவிட்டது என்று. வெற்றிதான்! ஆனால் அந்த நாளுக்குப்பின் அடிபட்டவருக்கு? அதே எலும்பு, அதே வலி. தேதி மட்டும் வேறு. அவருக்கு வெட்டு நிலைத்துவிட்டது.

தோழர்களே, பிரீமியத்தைக் குறைக்கக் கம்பெனியின் லாபம் உண்டு, ஆஸ்பத்திரியின் கொள்ளைக் கட்டணம் உண்டு, குடியிருக்கும் பகுதியைப் பார்த்து விலை வைக்கும் வழக்கம் உண்டு. அவற்றில் கை வைப்பது கடினம். படுக்கையில் கிடப்பவன் எழுந்து வந்து கேட்கமாட்டான்; ஆகவே அவன் பங்கில் கை வைப்பது எளிது. உழைப்பவனுக்குச் சுமை குறைகிறது என்று எவர் சொன்னாலும், இறக்கிய சுமையை எவர் தலையில் ஏற்றினார்கள் என்று கேட்போம். இன்று ஓட்டுகிற நாமே நாளை படுக்கையில் கிடக்கலாம் அல்லவா?